ஜிம்னியை உயர்த்திய பிறகு ஸ்டீயரிங் ஆடினால்

ஜிம்னி வாங்கியவர்கள் பலரும் செய்கிற மாற்றம் இரண்டு அங்குல லிஃப்ட் கிட்டும் 235/75 ஆர்15 டயரும். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் நேராகப் போக மறுக்கலாம். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறலாம். உடனே எல்லாரும் சொல்லும் மருந்து புது ஸ்டீயரிங் டேம்பர். அதை இப்போது வாங்காதீர்கள். டேம்பர் ஆட்டத்தை அமுக்கித்தான் வைக்கும். உள்ளே ஏதோ ஒரு ஜாயின்ட் தேய்ந்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதலில் கோளாறு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேர்சாலையில் வண்டி இடமும் வலமுமாக அலைந்து, திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகாவிட்டால் காஸ்டர் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு வந்து, அதைத் தாண்டினால் குறைந்தால் டயரோ ரிம்மோ காரணம். பள்ளத்தில் விழுந்ததும் தொடங்கி, வேகம் குறையும்வரை நிற்காத பேயாட்டம் என்றால் எங்கோ ப்ளே (தளர்வு) இருக்கிறது. அந்தப் பேயாட்டம் வரும்போது ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல், உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

ஜிம்னியின் முன்பக்கம் திட ஆக்சில். ஒரு சக்கரத்தின் நடுக்கம் அப்படியே மறு சக்கரத்துக்குப் போகும். 2020க்குப் பிந்தைய தாரில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், கீழே வரும் பல சோதனைகள் அதற்குப் பொருந்தா.

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம். ரிம்மின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். காய்ந்த சேறு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் போய்விடும். மணலில் ஓட்டக் குறைத்த காற்றை மறுபடி ஏற்றினீர்களா என்றும் பாருங்கள். பிறகு முன் சக்கரங்களைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் மாற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு வந்துவிட்டால் குற்றவாளி டயர்தான். பழைய 195/80 ஆர்15 சக்கரங்களை விற்காமல் வைத்திருந்தால் அவற்றை மாட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவு. புது டயரின் விட்டம் சுமார் 40 மி.மீ. கூடுதல், எடையும் அதிகம். பழைய டயரில் உறங்கிக்கிடந்த சிறு ப்ளேயை அது எழுப்பிவிடும். ஆகவே பழைய டயரில் ஆட்டம் நின்றாலும் அடுத்த சோதனையை விடாதீர்கள்.

அடுத்த சோதனைக்கு ஓர் ஆள் துணை வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கட்டும். உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் ஆட்ட வேண்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள். முதலில் பான்ஹார்ட் ராடின் இரு முனைகள். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது அந்த ஒரே கம்பிதான். போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மயிரிழை அசைவு தெரிந்தாலும் தவறு. போல்ட்டைச் சுற்றித் துருப்பொடியோ பளபளப்பான உராய்வுத் தடமோ இருந்தால் அங்கே ஏற்கனவே ஆட்டம் உண்டு. துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிடுங்கள். மறுபடி முடுக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, சீக்கிரம் கிழியும். கிட் மாட்டும் இடங்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான் என்பது என் எண்ணம். அப்படியே டை ராட் முனைகளையும், ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸியில் அசைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகை மட்டும் தொடாதீர்கள். அதை இறுக்கினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாத கோளாறு புதிதாகச் சேரும்.

இப்போது பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ப்ளே இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ப்ளே மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங். ஜிம்னிகளில் பேயாட்டத்துக்குப் பேர்போன காரணம் இந்தக் கிங்பின்தான். அதில் ப்ளே தெரியாமலும் இருக்கலாம். டை ராடைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கையால் திருப்பும்போது, நேர்நிலையில் 'டக்' என்று குழியில் விழுவதுபோல் பட்டால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ப்ளே என்றால் டை ராட் முனையில் தேடுங்கள்.

ப்ளே எங்கும் இல்லை, வண்டி மட்டும் அலைகிறது என்றால் காஸ்டருக்கு வருவோம். சைக்கிளின் ஃபோர்க் சாய்ந்திருப்பது கையை விட்டு ஓட்ட உதவுகிறது. காஸ்டர் என்னும் கிங்பினின் சாய்வும் அதே வேலையைச் செய்கிறது. வண்டியை உயர்த்தும்போது ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் முன்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்சிலையும் முன்னால் சுழற்றிவிடுகின்றன, சாய்வு குறைகிறது. எவ்வளவு என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். உயர்த்திய அளவை ஆர்மின் நீளத்தால் வகுத்து 57ஆல் பெருக்குங்கள். நீளம் என்பது சேஸி புஷ்ஷிலிருந்து ஆக்சில் நடுவரை. 800 மி.மீ. ஆர்மில் 50 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ மூன்றரை டிகிரி போச்சு. அலைன்மென்ட் கடையில் 'சரியா இருக்கு சார்' என்பதோடு திரும்பிவிடாதீர்கள். அவர்கள் திருத்தக்கூடியது டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும். ஜிம்னியின் திட ஆக்சிலில் காஸ்டரைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, காஸ்டர் எண்ணைச் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைவு என்றால் துளை மையம் தள்ளிய காஸ்டர் புஷ்ஷோ, அதற்கென்று செய்த ஆர்ம்களோ போட வேண்டும்.

பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் வெட்டி இழுத்தால், பான்ஹார்ட் ராடும், ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் முன்னாலிருந்து பார்க்க இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றின் பிராக்கெட்டை மட்டும் தாழ்த்தியிருந்தால் இந்தக் கோளாறு வரும்.

எல்லாம் முடிந்தபின் கழற்றிய போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் முடுக்கி, தலையிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டேம்பரில் எண்ணெய் கசிந்தால் இப்போது மாற்றிக்கொள்ளலாம்.