கழுத்துக் கருமை அழுக்கன்று
வளரிளம் பருவத்தில் வளர்சிதை மாற்றமும் அழற்சியும்

பன்னிரண்டு முதல் பதினாறு வயதுவரையுள்ள பிள்ளைகளை எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்துவரும் பெற்றோர் பலர் ஒரே முறையீட்டைக் கூறுகின்றனர். பிள்ளையின் பிடரியில் கருமை படர்ந்திருக்கிறது. பயற்றமாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் என எதைக் கொண்டு தேய்த்தும் போகவில்லை. சில பிள்ளைகளின் கழுத்தில் தேய்த்ததனால் ஏற்பட்ட சிராய்ப்பையும் காண்கிறோம். “ஒழுங்காகக் குளிப்பதே இல்லை, டாக்டர்” என்று தாய் சொல்லும்போது பிள்ளை தலைகுனிந்து நிற்கும். அந்தப் பிள்ளை மீது குற்றம் ஏதுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட விரும்புகிறோம்.

வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுக்கும் இத்தோல் மாற்றத்திற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். கழுத்தில் மட்டுமன்றி அக்குளிலும் தொடையிடுக்கிலும் விரல் முட்டிகளிலும் இது தோன்றும். பெரும்பாலான பிள்ளைகளில் இதற்குக் காரணம் குருதியில் இன்சுலின் மிகுந்திருப்பதே. மிகுந்த இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. உள்ளே நிகழ்வது வெளியே எழுதிக் காட்டப்படுகிறது எனலாம்.

இன்சுலின் ஏன் மிகுகிறது? தசையும் கல்லீரலும் அதன் கட்டளைக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்ட முயல்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு நிலை. பூப்பெய்தும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெருகுவதால் எல்லாப் பிள்ளைகளிடமும் இந்த எதிர்ப்பு ஓரளவு தோன்றும். பருவமாற்றம் முடிந்ததும் தணிந்துவிடும். இயல்பான இந்த மேட்டின்மீது வயிற்றுக் கொழுப்பும் சேர்ந்து ஏறும்போதுதான் இடர் தொடங்குகிறது.

இங்கேதான் அழற்சி என்னும் சொல் நுழைகிறது. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. சில நாட்களில் ஆறிவிடுகிறது. அது உடலைக் காக்கும் அழற்சி. நாம் பேசுவதோ நீறு பூத்த நெருப்பு போன்றது. வலியில்லை, காய்ச்சலில்லை, ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

கொழுப்புத் திசுவை மிஞ்சிய உணவைச் சேமிக்கும் கிடங்காகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. 1993ஆம் ஆண்டில், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் பொருளை உண்டாக்குவதும், அப்பொருளே இன்சுலினின் வேலையைத் தடுப்பதும் கண்டறியப்பட்டன. அடுத்த ஆண்டில் கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் வெளிச்சத்துக்கு வந்தது. கிடங்கு என்று நினைத்தது ஒரு சுரப்பியாகவும் இருந்தது.

நிகழ்வது இதுதான். கொழுப்புச் செல் தன் கொள்ளளவை மீறி உப்பும்போது அதற்குக் குருதியோட்டம் போதாமற் போகிறது; சில செல்கள் மடிகின்றன. மடிந்தவற்றை அகற்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வந்து சூழ்ந்துகொள்கின்றன. வேலை தீராததால் அவை திரும்பிச் செல்வதில்லை. அழற்சிப் பொருள்களை விடாது கசியவிடுகின்றன. தசையிலும் கல்லீரலிலும் இன்சுலினின் செய்தி உள்ளே செல்லும் வழியை அவை மறிக்கின்றன. கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது கொழுப்பை மேலும் சேமிக்கத் தூண்டுகிறது. கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

“எங்கள் பிள்ளை குண்டாக இல்லையே” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தம் இருவர் படத்தையும் அருகருகே வைத்து 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் 22.3 மட்டுமே. ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. தெற்காசிய உடல் மெலிந்து தோன்றும்போதே தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது. ஆகவே எடை எந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். தையல் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியை எட்டினாலோ தாண்டினாலோ பிள்ளையை எங்களிடம் அழைத்து வாருங்கள். 150 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு அந்த எல்லை 75 செ.மீ.

அழற்சியை அளக்கச் சி.ஆர்.பி. பரிசோதனை செய்துவிடலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்காரணத்திற்காக மட்டும் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சலில்கூட உயரும் அளவு அது. ஒரு பிள்ளையின் சிகிச்சையை அதை வைத்து முடிவுசெய்ய இயலாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு அளவுகள், கல்லீரல் நொதி, இரத்த அழுத்தம் ஆகியவையே பயன்தருவன. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி.வரை இருந்தாலோ, எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 விழுக்காடுவரை இருந்தாலோ அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வளரிளம் பருவத்தில் தொடங்கும் இரண்டாம் வகை நீரிழிவு, பெரியவர்களுக்கு வருவதைவிட விரைந்து முற்றும் இயல்புடையது. ஆதலால் ‘சின்னப் பிள்ளைதானே’ என்று காத்திருப்பது சரியன்று.

அழற்சியைப் போக்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்க வேண்டாம். குழம்பில் இடும் மஞ்சள் நல்லதே; ஆனால் மஞ்சளின் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்றவர்களும் உண்டு. கருமையை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்புகளும் அவ்வாறே. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது.

உண்மையான மருந்து தசையில் இருக்கிறது. இயங்கும் தசை, இன்சுலினின் துணையின்றியே குருதியிலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ள வல்லது. மறிக்கப்பட்ட வழிக்கு மாற்றாக ஒரு பின்வாசல் திறப்பதைப் போன்றது இது. இரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு கால்மணி நேரம் நடப்பதும் இந்த வாசலைத் திறக்கும். 5 முதல் 17 வயதுவரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பத்தாம் வகுப்பு வந்தவுடன் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்கும் வழக்கம் எங்களுக்கு வருத்தமளிக்கிறது. தூக்கமும் அவ்வாறே பறிபோகிறது. இவ்வயதினர்க்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் தேவை.

உணவில் முதலில் நிறுத்த வேண்டியது இனிப்புப் பானம். 300 மி.லி. குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்துள்ளது. பெட்டியில் வரும் பழச்சாறும் பெரிதும் வேறன்று. சோற்றைக் குறைத்துச் சுண்டல், கீரை, பொரியல், மோர் ஆகியவற்றைக் கூட்டலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீர்கள். வீட்டார் அனைவரும் ஒரே உணவை உண்ணட்டும். வளரும் பிள்ளை எடை குறைய வேண்டும் என்பதுகூடப் பலருக்குக் கட்டாயமன்று. எடை கூடாமல் உயரம் மட்டும் வளர்ந்தாலே பலன் கிடைக்கும். உருவத்தைக் கேலிசெய்தால் பிள்ளை ஒளிந்து உண்ணத் தொடங்கும். உறவினர் செய்யும் கேலியையும் நீங்களே தடுத்து நிறுத்துங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறி வருவது, உரத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது ஆகியவற்றை அடுத்த வருகையில் மறவாமல் தெரிவியுங்கள். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீர் எடைக்குறைவு, வாந்தி ஆகியவை தோன்றினால் அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும். அது முதல் வகை நீரிழிவாகவும் இருக்கலாம்.

இன்சுலின் தணியத் தணியக் கழுத்தின் கருமையும் மங்கும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். முற்றிலும் மறையாமலும் போகலாம். அதுவரை குளிக்கையில் கழுத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். நாரை எடுத்து வைத்துவிடுங்கள்.