யூஎஸ்பி சீரியல் அடாப்டர்: சிப்பின் பெயருக்கு முன் வோல்டேஜ்

சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு ஒன்றைக் கணினியோடு இணைக்க யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எஃப்டிடிஐ வாங்கலாமா, சிஎச்340 போதுமா?” என்பதுதான். கடையிலும் சிப்பின் பெயரை வைத்துத்தான் விலை சொல்கிறார்கள். ஆனால் உங்கள் போர்டு பிழைப்பதும் கருகுவதும் அந்தப் பெயரில் இல்லை. அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதில் இருக்கிறது. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை மூன்று வகை: 3.3 வோல்ட், 5 வோல்ட், பழைய ஆர்எஸ்-232. மூன்றிலும் போகும் பைட்டுகள் ஒன்றேதான். 9600, 115200 என்ற பாட் ரேட்களும் பொதுதான். மின்னழுத்தம் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இஎஸ்பி8266 வைஃபை சிப்புக்கு உச்ச வரம்பு 3.6 வோல்ட். ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ பின்களும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி அமைக்கப்படவில்லை. ஆர்எஸ்-232 இன்னும் முரடு: அதில் 3 முதல் 15 வோல்ட் வரை பாசிட்டிவிலும் நெகட்டிவிலும் மாறி மாறி வரும், 1 என்ற பிட்டே நெகட்டிவ் வோல்ட்டாகத்தான் வரும். அதை நேராக மைக்ரோகன்ட்ரோலரில் செருகினால் போர்டு போய்விடும்.

ஒரே ஒரு அடாப்டர்தான் வாங்க முடியும் என்றால் 3.3 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். “என்னிடம் 5 வோல்ட்டில் ஓடும் அர்டுயினோ புரோ மினியும் இருக்கிறதே, அதற்கு இது எட்டுமா?” என்ற சந்தேகம் நியாயமானது. எட்டும். அதிலுள்ள ஏட்மெகா328பி, தன் சப்ளையில் 60 சதவீதம் வந்தாலே அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட் சப்ளையில் அது 3 வோல்ட். நம்மிடம் வருவது 3.3. எதிர்த்திசையில் போர்டிலிருந்து 5 வோல்ட் வந்தாலும் அடாப்டரில் இருக்கும் சிபி2102 போன்ற சிப்பின் பின்கள் தாங்கிக்கொள்ளும். ஆக, 3.3 வோல்ட் அடாப்டர் இரண்டு உலகத்துக்கும் உதவும். 5 வோல்ட் அடாப்டருக்கு அந்த வசதி கிடையாது. “இஎஸ்பி8266-ஐ 5 வோல்ட் அடாப்டரில்தான் நெடுநாளாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பும், சில போர்டுகளில் தொடராக வைத்திருக்கும் ரெசிஸ்டரும் அதிக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு போர்டு தாங்கியது என்பதால் அடுத்த போர்டும் தாங்கும் என்று சொல்ல வழியில்லை. கூடுதல் செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய ஆபத்தை எதற்கு ஏற்க வேண்டும்?

அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலிவான சில அடாப்டர்களில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று ஜம்பர் இருக்கும். அது மாற்றுவது விசிசி பின்னில் வரும் சப்ளையை மட்டுமே, டிஎக்ஸ் சிக்னல் 5 வோல்ட்டிலேயே நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஜம்பர் இருந்தால் 3.3-இல் வைத்து, அடாப்டரைக் கணினியில் செருகுங்கள், வேறெதையும் இணைக்காதீர்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை டிஎக்ஸிலும் வையுங்கள். எதுவும் அனுப்பாதபோது சீரியல் லைன் 1 நிலையில்தான் நிற்கும்; எனவே மீட்டர் காட்டுவதே உங்கள் அடாப்டரின் உண்மையான சிக்னல் வோல்டேஜ். 3.3-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 5-ஐ ஒட்டி வந்தால் ஜம்பர் ஏமாற்றுகிறது. நெகட்டிவில் வந்தால் அது ஆர்எஸ்-232. பழைய எடை இயந்திரத்துக்கும் நெட்வொர்க் சுவிட்சின் கன்சோல் போர்ட்டுக்கும் அதுதான் வேண்டும். சின்ன போர்டுக்கு ஆகாது.

வோல்டேஜ் தீர்ந்த பிறகு சிப்புக்கு வரலாம். சாதாரண வேலைக்கு சிபி2102, சிஎச்340 இரண்டுமே போதும்; லினக்ஸ் கெர்னலிலேயே இரண்டுக்கும் டிரைவர் இருக்கிறது. சிஎச்340-இல் ஒரு தொல்லை: உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று தவறாக நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் இதைப் பிடித்துக்கொள்ளும். செருகியதும் போர்ட் தோன்றி மறைந்தால் அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள். பழைய பிஎல்2303-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய விண்டோஸ் டிரைவர்கள் அதன் பழைய வகைகளை ஏற்பதில்லை.

எஃப்டிடிஐ-யின் எஃப்டி232ஆர் நல்ல சிப்தான். அதன் சிக்னல் வோல்டேஜைத் தனிப் பின் மூலம் 1.8 முதல் 5 வரை அமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் எண் இருப்பதால், ஒரே கணினியில் நாலைந்து அடாப்டர் செருகினாலும் எது எதுவென்று குழம்பாது. சிஎச்340ஜி-யில் இந்த எண் இல்லை. ஆனால் இங்கேதான் போலிகளும் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. அசல் என்று நம்பி வாங்கியவர்கள்தான் அதில் மாட்டிக்கொண்டார்கள். எனவே எஃப்டிடிஐ வேண்டுமென்றால் பெயருள்ள விநியோகஸ்தரிடம் முழு விலை கொடுத்து வாங்குங்கள். அரை விலையில் வரும் ‘எஃப்டிடிஐ’-யை விட, தன் பெயரிலேயே விற்கும் சிஎச்340 மேல்.

இஎஸ்பி32-எஸ்3 போன்ற புதிய சிப்புகளில் யூஎஸ்பி உள்ளேயே இருக்கிறதே, தனி அடாப்டர் இனி எதற்கு என்று கேட்கலாம். புதிதாக வாங்கும் போர்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாதுதான். ஆனால் பூட் ஆகாமல் நின்றுபோன வீட்டு ரவுட்டரின் போர்டில் பேச வழியாக இருப்பது அந்த மூன்று நான்கு சீரியல் பின்கள்தான். அங்கே கிரவுண்டை முதலில் இணையுங்கள். ஒன்றின் டிஎக்ஸை மற்றதன் ஆர்எக்ஸில் (பெறும் பின்னில்) கொடுங்கள். விசிசி கம்பியைத் தொடவே தொடாதீர்கள், ரவுட்டருக்கு அதன் சொந்த பவர் அடாப்டரே மின்சாரம் தரும். இஎஸ்பி8266-க்கும் இதே கவனம் வேண்டும். வைஃபையில் அனுப்பும்போது அது 170 மில்லிஆம்ப் வரை இழுக்கும், சிபி2102-இன் 3.3 வோல்ட் பின் தருவது 100, எஃப்டி232ஆர் தருவது 50. திடீர் திடீரென ரீசெட் ஆகும் போர்டுக்குப் புது அடாப்டர் வாங்குவதற்கு முன், தனியாக ஒரு 3.3 வோல்ட் சப்ளை கொடுத்து, அந்த சப்ளை, அடாப்டர் இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துப் பாருங்கள்.