மூச்சை அடக்காதே!

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றிக் கடலுக்குள் இறங்குவார்கள். இறங்குமுன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொள்வார்கள். அடித்தரையில் சிப்பிகளைப் பொறுக்கி மேலே வரும்வரை, ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ, அந்த ஒரே மூச்சுதான். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

இன்று முதுகில் காற்று உருளையைச் சுமந்து, பொழுதுபோக்காகக் கடலில் மூழ்குபவர்கள் பலர். இதற்கு ‘ஸ்கூபா’ முழுக்கு என்று பெயர். இதைப் பயிலப் போகிறவரிடம் ஆசிரியர் முதல் நாளே இடும் கட்டளை, முத்துக்குளிப்பவர் செய்ததற்கு நேர் எதிரானது: “எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே!” மறந்தால் நுரையீரல் கிழியும், உயிரும் போகலாம்.

கடல் ஒன்றே, மனித உடலும் ஒன்றே. ஒருவரைக் காப்பாற்றுவது மற்றவருக்கு எமனாவது ஏன்? விடை உங்கள் பாடநூலில் இருக்கிறது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் பருமன் அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இது.

கடல் மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் அது இரண்டாகும். 20 மீட்டரில் மூன்று. 30 மீட்டரில் நான்கு. முத்துக்குளிப்பவர் மேலே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு புறப்பட்டார் எனக் கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராகச் சுருங்கும். திரும்பி மேலே வந்தால் மீண்டும் 6 லிட்டர். எடுத்துச் சென்றதற்கு மேல் அது விரிய வழியே இல்லை.

ஸ்கூபா முழுக்காளரின் கதை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்திலேயே, இருமடங்கு அழுத்தமுள்ள காற்றை 6 லிட்டர் இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் 6 லிட்டர் 8 லிட்டர்தான் ஆகிறது. கடைசிப் பத்து மீட்டரிலோ அது இரட்டிப்பாகிறது. ஆழத்தைக் கண்டு அஞ்சுகிறோம். ஆனால் மேற்பரப்பை நெருங்க நெருங்கத்தான் இந்த ஆபத்து மிகுகிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, நீளமான குழாயை நீருக்கு மேலே நீட்டி மூச்சுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பின்மேல் நீர் தரும் கூடுதல் அழுத்தம், ஏறத்தாழ நூறு கிலோ மூட்டையை ஏற்றி வைத்தது போலாகும். குழாய் வழியே வருவதோ மேற்பரப்புக் காற்று. அதற்கு அந்த அழுத்தம் கிடையாது. நெஞ்சுத் தசைகளால் மூட்டையைத் தூக்கி மூச்சிழுக்க முடியாது. ஆகவே ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி தேவை.

அத்தகைய கருவியை 1943-இல் பிரான்சில் உருவாக்கியவர்கள் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் ஒரு வால்வு செய்திருந்தார். அதுவே இதற்கு முன்னோடி. கருவியினுள் ஒரு மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் மூச்சுக்காற்று. மூச்சை இழுத்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது. நீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு நெம்புகோலை அழுத்த, வால்வு திறக்கிறது. இருபக்க அழுத்தமும் சமமானதும் மூடிக்கொள்கிறது. எந்த ஆழத்திற்கு எவ்வளவு என்பதைக் கடலே அளந்து கொடுத்துவிடுகிறது!

முதற்சோதனை மார்ன் ஆற்றில் நடந்தபோது, படுத்து நீந்துகையில் கருவி நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சுத் திணறியது. காரணம், காற்று உள்ளே வரும் இடத்திற்கும் வெளியேறும் இடத்திற்கும் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததுதான். இரண்டையும் அருகருகே வைத்ததும் குறை தீர்ந்தது. ஒரு சாண் நீரின் அழுத்தம் கூட அலட்சியம் செய்யத்தக்கதன்று.

உருளையில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் எண்ணுகிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். தூய ஆக்ஸிஜனைச் சுமார் 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும். 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால், 2,400 லிட்டர் காற்று கிடைக்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் வீதம் மேற்பரப்பில் இது இரண்டு மணி நேரத்திற்கு வரும். 10 மீட்டரில் ஒரு மணி. 30 மீட்டரில் அரை மணிதான். 20 மீட்டரில் எவ்வளவு நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள். எனினும் உருளையை முழுவதும் காலி செய்யும்வரை யாரும் கீழே இருப்பதில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்டு இறங்குபவருக்குக் கிடைக்கும் இன்பம் தனி வகை. முதலாவது, எடையற்ற நிலை. உடலும் கருவிகளும் விலக்கும் நீரின் எடைக்குத் தம் எடையைச் சமமாக்கிக்கொண்டால், மிதக்கவும் மாட்டோம், அமிழவும் மாட்டோம். மூச்சை இழுத்தால் மார்பு விரிந்து உடல் மெல்ல எழும். விட்டால் மெல்லத் தாழும். கையை அசைக்காமல், மூச்சாலேயே பவளப்பாறை ஒன்றின்மேல் ஏறி இறங்கலாம்.

அங்கே கண்ணும் காதும் ஏமாறும். நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள் உள்ள காற்றுக்கு வரும்போது ஒளி விலகுவதால் மீன்கள் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். கை நீட்டினால் எட்டாது. சிவப்பை நீர் விரைவில் விழுங்கிவிடுவதால், பத்துப் பதினைந்து மீட்டரில் செந்நிறப் பவளம் சாம்பலாகத் தோன்றும். டார்ச் விளக்கை அடித்தால் சட்டென்று செக்கச்செவேலென்று ஒளிரும். ஒலி காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்வதால், படகின் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே புரியாது.

மேலே வரும்போது அவசரம் கூடாது. அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் திடீரென்று குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழியிடும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை வரலாம். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியலார் அழுத்த அறையில் ஆடுகளை வைத்து ஆராய்ந்து, 1908-இல் படிப்படியாக மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டார். இன்று நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவது வழக்கம். அப்போது அண்ணாந்து பார்த்தால், நாம் விட்ட குமிழிகள் போகப் போகப் பெருத்துக் குடைபோல் தட்டையாவதைக் காணலாம். பாயில் விதி கண்ணெதிரே நடக்கிறது.

அந்தமானின் சுவராஜ் தீவு, லட்சத்தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களில் பயிற்சி நிலையங்கள் உள்ளன. உலகெங்கும் சிறுவர்களை 10 வயதிலிருந்து சேர்த்துக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. தொடக்கத்தில் அவர்களுக்கு 12 மீட்டரே எல்லை. நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, காதுக் கோளாறு போன்றவை இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். துணையின்றித் தனியே இறங்க எந்த நல்ல ஆசிரியரும் மாணவரை அனுமதிப்பதில்லை.