பனியன் துணியும் வீட்டுக் கூரையும்

திருப்பூரில் இரவு ஷிப்டு முடித்து வருபவருக்கு உறங்கும் நேரம் பகல். அவர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பல இடங்களில் சிமெண்ட் ஷீட்தான் கூரை. சித்திரை மாத நண்பகலில் அந்த ஷீட் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிவிடும். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் உறக்கம் பிடிப்பதில்லை. ஏன்? மாணவர்களே, நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

முதலில் ஓர் எளிய சோதனை. ஒரே அளவுள்ள மூன்று பித்தளைச் செம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள் (அனுப்பர்பாளையம் பக்கத்திலேயே இருக்க, இதற்குப் பஞ்சமில்லை). மூன்றிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றைச் சுற்றிப் பனியன் கட்டிங் வேஸ்டைத் தளர்வாகக் கட்டுங்கள். மூன்றாவதற்கு அதே வேஸ்டை நீரில் நனைத்துக் கட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து வரைபடம் போடுங்கள். உலர்ந்த வேஸ்ட் சுற்றிய செம்பு மெதுவாக ஆறும். நனைந்த வேஸ்ட் சுற்றியதோ, ஒன்றுமே சுற்றாத செம்பைவிட விரைவாக ஆறிவிடும்!

பருத்தி இழையைவிட, அதன் இடையே சிறைப்பட்ட காற்றுதான் நல்ல அரிதிற் கடத்தி. அசையாத காற்றின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட், நீருக்கு 0.6. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்ததும் காப்பு போய்விடுகிறது. நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. சாயப்பட்டறைகளில் கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாய்மீது கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தகடு போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு வெப்பத்தைத் தடுக்கிறது. தகடு பஞ்சை நனையாமல் காக்கிறது.

இனி கூரைக்கு வருவோம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். குளிர் நாடுகளில் வீட்டினுள் உள்ள வெப்பம் மேல்நோக்கித் தப்பிப் போகாமல் தடுக்க வேண்டும். நமக்கோ வெப்பம் மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று இலேசானது; கூரையை ஒட்டியே தங்கிவிடும். ஆகவே வெப்பச் சலனத்தால் அது கீழே இறங்குவதில்லை. அப்படியானால் நம்மைச் சுடுவது எது? கதிர்வீச்சு.

ஸ்டெஃபான் 1879-இல் கண்ட விதி, கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்கிறது. 60 டிகிரி என்பது 333 கெல்வின். ஒரு கரும்பொருள் அந்த வெப்பநிலையில் சதுர மீட்டருக்கு 697 வாட் வீசும். 35 டிகிரியில் 510 வாட் வீசும். வித்தியாசம் 187 வாட். சிமெண்ட் ஷீட் ஏறக்குறைய கரும்பொருள் போலவே நடந்துகொள்கிறது. எனவே 10 சதுர மீட்டர் அறைக்குள் கூரையிலிருந்து மட்டும் சுமார் 1,500 வாட் இறங்குகிறது. தலைக்கு மேல் ஒன்றரை இஸ்திரிப் பெட்டி தொங்குவதற்குச் சமம்! மின்விசிறி இதைத் தடுக்காது. அது கூரையடியில் நிற்கும் சூட்டுக் காற்றையும் கீழே இழுத்து வருகிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் கிட்டத்தட்டப் பாதியைக் கூரையே விழுங்கிவிடும்.

மின் கட்டணத்தையும் பாருங்கள். 75 வாட் விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். ஒரு கிலோவாட் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் 480 யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விசிறி அதற்குள் அடங்கும், ஏ.சி. அடங்காது.

ஆகவே முதலில் கதிர்வீச்சை அடக்க வேண்டும். கூரையின் வெளிப்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூச வேண்டும், செலவோ சொற்பம். உட்புறத்தில் ஷீட்டுக்குச் சற்றுக் கீழே, இடைவெளி விட்டு, பளபளப்பான அலுமினியத் தாளைக் கட்டலாம். பளபளப்பான அலுமினியம் கரும்பொருள் வீசுவதில் இருபதில் ஒரு பங்கு அளவே வீசும். இடைவெளியில் உள்ள காற்றோ சலனமின்றி நிற்கிறது. இரண்டும் சேர்ந்து நமக்கு உதவுகின்றன. தாளை ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அந்தக் காற்றுக் காப்பு கிடைக்காது. தாளில் தூசி படிந்து மங்கினாலும் பயன் குறையும்.

கட்டிங் வேஸ்டையே கூரைக்கடியில் அடைத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். பருத்தி நொடியில் தீப்பற்றும். மின் கம்பிகள் அதன் பக்கத்திலேதான் ஓடுகின்றன. மழை ஒழுகினால் என்ன ஆகும் என்பதைச் செம்புச் சோதனை காட்டிவிட்டது. இன்னொன்று: பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அலுமினியத் தாளைச் சுவரிலோ சட்டத்திலோதான் கட்ட வேண்டும்.

கான்கிரீட் வீட்டில் கதை வேறு. அங்கே நண்பகலில் தாங்கலாம். இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் புழுக்கம். கனமான தளம் பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து மாலையில் வீட்டுக்குள் விடுகிறது. இதற்குக் காப்பு தளத்தின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தளமே சூடேறாது. செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து தளத்தின்மேல் தட்டி, அதன்மேல் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. மழைநீர் வழிவதற்காக என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். ஜல்லியின் நுண்துளைகளில் நிற்கும் காற்று, பனியன் துணியில் நிற்கும் அதே காற்றுத்தான்.