ஆறு திங்கள் வாழ்ந்த கப்பல்

ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைக்கொண்டு அவருடைய வாழ்வை அளவிடுதல் அறிவுடையோர் வழக்கமன்று. இவ்வுண்மை மனிதர்க்கேயன்றி, மனிதர் கையாற் சமைந்த கப்பல்களுக்கும் பொருந்தும். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஆறு மாத காலமே சேவை புரிந்து அட்லாண்டிக் சமுத்திரத்தில் மறைந்த 'ஆடாஸிடி' என்னும் சிறு விமானந் தாங்கிக் கப்பலின் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம். ஆடாஸிடி என்னும் சொல்லுக்குத் துணிவு என்பது பொருள். அப்பெயர் அதற்குத் தகுமோ என்பது இவ்வரலாற்றின் முடிவில் விளங்கும்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்ஸு தேசம் ஜெர்மானியர் வசமாயிற்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு உணவும் எண்ணெயும் கடல் வழியாகவே வரவேண்டியிருந்தன. ஆதலின் வியாபாரக் கப்பல்கள் கூட்டங் கூட்டமாக, யுத்தக் கப்பல்களின் காவலுடன் சென்றன. அவற்றிற்கு இருவகைப் பகை இருந்தது. கடலின் கீழ் நீர்மூழ்கிக் கப்பல். மேலே 'காண்டார்' எனப்பட்ட நான்கு எஞ்சின்களையுடைய நெடுந்தூர விமானம். பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து புறப்படும் காண்டார், கப்பற் கூட்டம் இருக்குமிடத்தைக் கண்டு நீர்மூழ்கிகளுக்கு அறிவிக்கும். சமயம் வாய்ப்பின் தானே குண்டும் வீசும். கரையிலிருந்து புறப்படும் பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் அத்துணைத் தூரம் பறக்கவல்லன அல்ல. சில வியாபாரக் கப்பல்களில் ஒவ்வொரு விமானத்தை ஏற்றிக் கவண்கல்லைப் போல எறிந்து பார்த்தனர். அவ்விமானம் மீண்டு வந்து இறங்குதற்கு இடமில்லை. கரை எட்டாவிடின் விமானி கடலில் குதித்தே உயிர் பிழைக்கவேண்டும். மீண்டு வந்திறங்கும் தளமுடைய கப்பலே தேவையென்பது தெளிவாயிற்று. பெரிய விமானந் தாங்கிகளோ மிகச் சில. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

இந்நெருக்கடியில் பகைவனுடைய கப்பலே உதவிக்கு வந்தது. 'ஹானோவர்' என்பது 1939-இல் கட்டப்பெற்ற ஜெர்மானிய வியாபாரக் கப்பல். வாழைப்பழம் ஏற்றுதற்கென்று அமைந்தது. 1940 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளின் அருகே பிரிட்டிஷ், கனேடிய யுத்தக் கப்பல்கள் அதனை மடக்கின. மாலுமிகள் அதனை மூழ்குவிக்க முயன்று தீயும் வைத்தனர். எரிகின்ற கப்பலை இழுத்துச் சென்று ஜமேக்காவிற் சேர்த்தனர். 1941-இல் இங்கிலாந்தின் பிளைத் துறைமுகத்தில் அதன் மேற்கட்டுகளை நீக்கி, சுமார் 450 அடி நீளமுள்ள தட்டையான தளம் ஒன்றைப் பரப்பினர். 'ஆர்க் ராயல்' என்னும் பெரிய விமானந் தாங்கியின் தளமோ ஏறத்தாழ 800 அடி. விமானங்களை உள்ளே வைக்கக் கொட்டகையில்லை; அவற்றை ஏற்றியிறக்கும் தூக்கியுமில்லை. 'மார்ட்லெட்' என்னும் அமெரிக்கச் சண்டை விமானங்கள் ஆறு முதல் எட்டு வரை, மழையிலும் உப்புக் காற்றிலும் திறந்த தளத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தன. பழுது பார்ப்போர், இரவில் மறைத்துப் பிடித்த கைவிளக்கின் ஒளியில், ஆடும் தளத்தின்மேல் நின்று வேலை செய்தனர். குருவி தலையிற் பனங்காயை வைத்தாற்போன்ற பாரமே அதன்மேற் சுமத்தப்பட்டது.

1941 செப்டம்பரில், ஜிப்ரால்டர் நோக்கிச் சென்ற முதற்பயணத்திலேயே, மீட்புக் கப்பல் ஒன்றைக் குண்டுவீசி அழித்த காண்டாரை மார்ட்லெட்டுகள் வீழ்த்தின. நவம்பரில் மற்றொரு பயணத்தில் மேலும் காண்டார்கள் வீழ்ந்தன. ஆயினும் விமானப் பிரிவின் தலைவர் வின்ட்டர் அப்போரில் உயிர் துறந்தார்.

அதற்கடுத்த பயணமே பெரும் பரீட்சையாயிற்று. டிசம்பர் 14-ஆம் நாள் 32 வியாபாரக் கப்பல்கள் ஜிப்ரால்டரினின்று இங்கிலாந்துக்குப் புறப்பட்டன. காவற் படைக்குத் தலைவர் கமாண்டர் வாக்கர். ஆடாஸிடியின் தலைவர் கமாண்டர் மெக்கெண்ட்ரிக். 17-ஆம் நாள் மார்ட்லெட் ஒன்று தொலைவில் நீர்மூழ்கியொன்றைக் கண்டு அறிவித்தது. யுத்தக் கப்பல்கள் துரத்தின. அதனைத் தாக்கிய விமானி ஒருவர் சுடப்பட்டு மாண்டார். ஆயினும் நீர்மூழ்கி தப்பவில்லை. அதிலிருந்த ஜெர்மானியர் அனைவரையும், சற்றுமுன் அவர்களோடு பொருத கப்பல்களே கடலினின்று எடுத்துக் காத்தன. மறுநாள் அவ்விளம் விமானியின் உடலைப் பிரார்த்தனையுடன் கடலில் இட்டனர். 18-ஆம் நாள் இரண்டாவது நீர்மூழ்கியும் 19-ஆம் நாள் மூன்றாவதும் அழிந்தன. 'ஸ்டான்லி' என்னும் காவற்கப்பலும் மூழ்கிற்று. அன்றே இரு காண்டார்களை மார்ட்லெட்டுகள் வீழ்த்தின.

இவ்வளவும் பகலின் வெற்றி. சூரியன் மறைந்தபின் மார்ட்லெட்டுகள் பறக்க இயலாதவை. பகலெல்லாம் பிறரைக் காத்த கப்பல், இரவில் எல்லாக் கப்பல்களினும் மிகுதியாகக் காவலை வேண்டி நின்றது. ஆகவே இரவுதோறும் அது கூட்டத்தை விட்டு விலகி, வளைந்து வளைந்து ஓடித் தன்னைக் காத்துக்கொண்டது. 21-ஆம் நாள் இரவும் அவ்வாறே விலகிச் சென்றது. அதனுடன் அனுப்பத் துணைக்கப்பல் ஒன்றும் மிகுதியாக இல்லை. அப்பொழுது வியாபாரக் கப்பல் ஒன்று டார்ப்பிடோவால் தாக்குண்டது. மற்றொன்று, பகைவனைக் காண வேண்டி ஒளிவாணத்தை ஏவிற்று. பகைவனைக் காட்ட எழுந்த அவ்வொளி, நண்பனையே பகைவனுக்குக் காட்டிக் கொடுத்தது. பிகால்க் என்பவரின் நீர்மூழ்கி ஏவிய முதல் டார்ப்பிடோ எஞ்சின் அறையைப் பிளந்தது; பின்னர் வந்தவை முன்பகுதியைச் சிதைத்தன. 73 பேர் மாண்டனர். மெக்கெண்ட்ரிக்கும் கடலினின்று மீளவில்லை. அதே இரவில் நான்காவது நீர்மூழ்கி, தன் மாலுமிகள் அனைவருடனும் அழிந்தது. இழந்த வியாபாரக் கப்பல்கள் இரண்டே. முப்பது கரை சேர்ந்தன.

தவறு யாருடையது? விலகிச் சென்றவரைக் குறை கூறுவாருமுண்டு. விலக விட்டவரைக் குறை கூறுவாருமுண்டு. நாம் கருதுவது வேறு. புதிய கருவி ஒன்றின் ஆற்றல் வெளிப்பட்ட அதே வாரத்தில் அதன் எல்லையும் வெளிப்பட்டது. அவ்விரண்டையும் கற்றவரே பின்னர் வென்றனர். இத்தகைய கப்பல்கள் அமெரிக்காவிலே பெருந்தொகையாக எழுந்தன; ஒரே வகையைச் சேர்ந்த 50 கப்பல்கள் 1943-44-இல் ஏறத்தாழ ஓராண்டிற்குள் சேவைக்கு வந்தன. 1943-இல் அட்லாண்டிக் நடுவே விமானக் காவலில்லாதிருந்த வெளியை, நெடுந்தூர விமானங்களுடன் சேர்ந்து இவையும் அடைத்தன. ராடார் பொருத்திய விமானங்கள் இவற்றின் தளத்திலிருந்து இரவிலும் பறந்தன. 1944-இல் இவ்வகைக் கப்பல்கள் திருக்கோணமலைத் துறைமுகத்திற்கும் வந்து இந்து மகா சமுத்திரத்தைக் காத்தன.

மாணவ நண்பர்காள்! நல்ல கருவி கிடைக்கும் வரையில் காத்திருப்போம் என்பது சோம்பலுக்கு இனிய சாக்கு. தீயிற் கருகிய பழக்கப்பலும் திறந்த தளமும் சில விமானங்களுமே ஈண்டுக் கருவியாயின. ஆயினும் துணிவு மாத்திரம் போதாது. நம் வலிமை எந்நேரத்தில் முடிகின்றது என்பதையும், அந்நேரத்தில் யாருடைய துணை நமக்கு வேண்டும் என்பதையும் அறிதல் வேண்டும். பிறரைக் காப்பவருக்கும் காவல் வேண்டும். ஆறு திங்களே வாழ்ந்த அக்கப்பல், நூறாண்டு வாழ்வார்க்கும் உதவும் இப்பாடத்தை விட்டுச் சென்றது.