புதிய இறால் தொட்டிக்கு வரும்போது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டு நன்னீர்த் தொட்டிகளில் பரவலாக வளர்க்கப்படுவது செர்ரி இறால். கிழக்குச் சீனாவும் தைவானும் இதன் தாயகம். மூன்று சென்டிமீட்டரைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. சென்னையில் கொளத்தூர்க் கடையில் துள்ளிக்கொண்டிருந்த இறால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரே வாரத்தில் சாகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் இறாலுடையது அல்ல. கடைத் தண்ணீருக்கும் வீட்டுத் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடே காரணம்.

நம்பிக்கை: பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டால் போதும்.

உண்மை: மிதக்கவிட்டால் வெப்பநிலை மட்டுமே சமமாகும், நீரில் கரைந்த உப்புகளின் அளவு அப்படியே இருக்கும். அந்த அளவு திடீரென மாறுவதை இறால் தாங்காது. பைத் தண்ணீரோடு இறாலை ஒரு சிறு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து ஏர் டியூப் வழியாகத் தண்ணீரை இறக்க வேண்டும். டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் விநாடிக்கு ஓரிரு சொட்டாகக் குறையும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் மூன்று மடங்கானதும் இறாலை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடலாம். வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும்.

நம்பிக்கை: ஒரு நாள் பிடித்துவைத்த மெட்ரோ தண்ணீர் எப்போதும் ஒன்றுதான்.

உண்மை: ஏர் பம்ப் ஓடினால் ஒரு நாளில் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும், உப்புகள் வெளியேறா. ஏரி நீர் ஒரு தன்மை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீர் வேறொரு தன்மை. வடசென்னைக்காக மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட அத்தகைய ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நீர் எங்கிருந்து வருகிறதோ அதற்கேற்பக் குழாய் நீரின் தன்மையும் மாறும். ஆகவே சென்ற மாதம் அளந்த கணக்கை நம்பாமல், இறால் வாங்கும் நாளில் மீண்டும் அளந்து பார்ப்பதே சரி.

நம்பிக்கை: கேன் தண்ணீர் சுத்தமானது; போர் தண்ணீர் சத்துள்ளது.

உண்மை: இரண்டும் பாதி உண்மையே. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு கட்டுகிறது. அதற்குக் கால்சியமும் மக்னீசியமும் தேவை. கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரில் இவை மிகக் குறைவு. மீஞ்சூர்க் கரையோரத்திலோ நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அப்படிப்பட்ட போர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் பெரிய எண்ணைக் காட்டினாலும், அதில் பெரும்பங்கு சாதாரண உப்பாக இருக்கலாம். கால்சியம், மக்னீசிய அளவை அறிய ஜி.எச். சோதனை வேண்டும். செர்ரி இறாலுக்கு ஜி.எச். 6 முதல் 8, டி.டி.எஸ். 150 முதல் 250 வரை ஏற்றது. போர் தண்ணீர் உப்புக்கரித்தால், ஆர்.ஓ. தண்ணீரில் இறாலுக்கான தாது உப்பைக் கலந்துகொள்வதே பாதுகாப்பு.

நம்பிக்கை: மீன் பிழைக்கும் தொட்டியில் இறாலும் பிழைக்கும்.

உண்மை: மீனின் ஒட்டுண்ணிகளுக்கு ஊற்றும் தாமிரம் கலந்த மருந்து இறாலுக்கு நஞ்சு. புதிதாக வாங்கிய நீர்ச்செடியில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தாலும் ஆபத்துதான். கண்ணாடியிலும் இலைகளிலும் படியும் நுண்ணுயிர்ப் படலமே இறாலின் அன்றாட மேய்ச்சல் என்பதால், தொட்டி குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் ஓடிப் பழகியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: மறுநாள் தரையில் கிடப்பது செத்த இறால்.

உண்மை: இடம் மாறிய இறால் உடனே ஓடு கழற்றுவது வழக்கம். கழன்ற ஓடு கண்ணாடிபோல் தெளிவாக, உள்ளே வெறுமையாக, தலைக்குப் பின்னால் முதுகில் பிளந்திருக்கும். செத்த இறாலின் உடல் வெளிறிய இளஞ்சிவப்பாகி, ஒளி ஊடுருவாமல் மங்கும். செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். ஓட்டை எடுக்கத் தேவையில்லை. மற்ற இறால்கள் அதைத் தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும்.

நம்பிக்கை: எண்ணூர் கழிமுகத்தில் பிடித்த இறால் குஞ்சும் தொட்டியில் வளரும்.

உண்மை: அங்கே வளரும் வெள்ளை இறாலுக்கு உப்புநீர் வேண்டும், கழிமுகத்தில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் இனம் அது. நன்னீர்த் தொட்டி அதற்கு வாழிடமல்ல.

நம்பிக்கை: கண்ணுக்கு நலமாகத் தெரிந்தால் நேரே தொட்டியில் விடலாம்.

உண்மை: வெள்ளைப்புள்ளி வைரஸ் 1990-களில் இந்திய இறால் பண்ணைகளைச் சூறையாடியது. பண்ணைகளுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் வன்னாமி என்ற இனத்தின் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். வீட்டிலும் இதே ஒழுங்கு வேண்டும்: ஸ்பாஞ்ச் ஃபில்டர் பொருத்திய தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, கண்களுக்கு நடுவே வெள்ளை முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுயிர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். காசிமேட்டு மீன் சந்தையில் வாங்கிய இறாலைத் துண்டாக்கிப் பச்சையாகத் தீவனமிடுவதும் கூடாது. உறையவைத்தாலும் வெள்ளைப்புள்ளி வைரஸ் அழிவதில்லை, நன்னீர் இறால்களையும் அது தாக்கும்.