உளி பிடிக்க வந்த பிள்ளைகளுக்கு

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பட்டறைகளில் புதிதாக உட்காரும் பிள்ளைகள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள்: “எல்லாமே சாஸ்திரப்படிதான் என்றால், என் கற்பனைக்கு இதில் என்ன வேலை ஐயா?” நல்ல கேள்வி. என் பதிலை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மரத்தைப் பாருங்கள். வாகையோ தூங்குமூஞ்சியோ, வெட்டிய மரம் உடனே உளிக்கு ஆகாது. ஈரம் எல்லாவற்றிலும் முந்தி வெட்டுமுகம் வழியாகத்தான் வெளியேறும். அங்கேதான் முதல் வெடிப்பும் விழும். அதனால் இரண்டு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றாட அடுக்குங்கள். மரம் காயும்போது வளையத்தின் வாட்டில் அதிகமாகவும் நடுவிலிருந்து வெளிநோக்கிக் குறைவாகவும் சுருங்கும். நடுக்குருத்தோடு விட்ட கட்டை பிளப்பது இதனால்தான். வெளிறைப் பூச்சி தின்னும். வைரம் பாய்ந்த பகுதியை எடுங்கள். முகம் வரவேண்டிய இடத்தில் கணு இருக்கிறதா என்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள். உங்கள் கற்பனைக்கு முதல் வேலை இங்கேயே வந்துவிட்டது: கட்டைக்குள் உருவம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

2. அளவை மனப்பாடம் செய்யுங்கள். நவதாலம் என்றால் ஒன்பது தாலம். தாலத்துக்கு 12 அங்குலம், மொத்தம் 108. முகம் ஒரு தாலம். அதை நெற்றி, மூக்கு, மூக்கடியிலிருந்து முகவாய் என்று மூன்று சம பங்காக்குங்கள். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் டேப்பில் இல்லை. நவதாலச் சிலை சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் அதன் உயரத்தையே 108 பங்காக்கினால் கிடைப்பதுதான் அந்தச் சிலைக்கு அங்குலம். சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்கிறவர்கள் தென்னையோலை நறுக்கை மடித்து மடித்தே இந்தப் பங்கைப் பிரிக்கிறார்கள். நீங்கள் ஒரு காகிதப் பட்டையில் பழகுங்கள். அளவு கைக்கு வந்தபிறகுதான் கண் வேறு எதையாவது பார்க்க நேரம் கிடைக்கும்.

3. சாஸ்திரம் எங்கே கையை விடுகிறது என்று தேடுங்கள். திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளைப் போய்ப் பாருங்கள். மூலவர் மரத்தாலான திருமேனி என்பார்கள். பெருமாள் கோயில்களில் வழக்கமாக வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் இருக்கும். இங்கே சங்கு வலக்கையில், சக்கரம் இடக்கையில். மரபுக்குள்ளேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அதற்காக இறைவன் திருமேனியின் முத்திரையிலும் ஆயுதத்திலும் நீங்கள் கைவைக்கக் கூடாது. ஆனால் திருவாசி, பீடம், ஆடை மடிப்பு, யாளியின் பிடரி, கொடிக்கருக்கு எல்லாம் உங்களுடையவை. கொடிக்கருக்கை மாதிரிப் படத்திலிருந்து எடுத்தால் பத்துப் பட்டறையிலும் ஒரே கொடிதான் ஓடும். நோட்டும் பென்சிலுமாகக் கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு கொடியின் முன்னால் உட்கார்ந்து, புது இலை சுருளிலிருந்து விரியும்போது நுனி எந்தப் பக்கம் மடிகிறது, காம்பு தண்டை விட்டு எந்தச் சாய்வில் கிளம்புகிறது என்று வரையுங்கள். பட்டறைக்கு வந்து அந்த மடிப்பை வளைவான உளியால் ஒரே இழுப்பில் எடுத்துப் பாருங்கள். நரம்பை முதலில் கீறி, இருபக்கமும் பள்ளம் இறக்கி, நுனியை மட்டும் தடிமனாக விட்டால் இலை திரும்பி நிற்கும். நுனியையும் மெலித்தால் தட்டையாகப் படுத்துவிடும். இப்படிச் செய்த கொடியைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்துவிடும்.

வீட்டு வாசலையும் விடாதீர்கள். சிக்குக் கோலத்தில் உங்கள் அம்மா புள்ளியைச் சுற்றிக் கோட்டை வளைத்துத் தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பது சாதாரணக் கணக்கு இல்லை. அவரிடம் கேட்டுப் படியுங்கள்.

4. தினமும் வரையுங்கள். வேலை இல்லாத நாளிலும்.

5. உளியைத் தீட்டாமல் பட்டறையில் உட்காராதீர்கள். மொட்டை உளி நாரைக் கிழிக்கும். அதை உப்புத்தாள் போட்டு மறைக்கலாம் என்று நினைத்தால் வேலை முழுக்கக் கூர்மை போய்விடும்.

6. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் உங்கள் வேலையைப் போடுங்கள், தப்பில்லை. முடிந்த சிலையை மட்டும் போடாமல் பாதி வேலையைப் போட்டு, “தோள் கனமாக இருக்கிறதா?” என்று உளி பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-இலேயே குறியீடு வந்துவிட்டது. அந்த ஊர்ச் சிற்பிகளின் வேலையையும் போனில் கூர்ந்து பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவர் வரைந்த புது வடிவத்தைச் சொல்லாமல் எடுக்காதீர்கள். உங்கள் சிலைக்கு ஒருவர் கட்டை செதுக்கி, இன்னொருவர் முகம் எடுத்திருந்தால் இருவர் பெயரையும் எழுதுங்கள். லைக் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த சிலையை முடிவு செய்யாதீர்கள்.

7. காகித வேலையை அலட்சியம் செய்யாதீர்கள். சி.என்.சி. இயந்திரம் ஒரே அச்சில் நூறு பலகை குடைந்து தள்ளும் காலம் இது. அதற்கும் நம் ஊர்ப் பெயரை ஒட்டி விற்றால் கையால் செய்கிறவன் பிழைப்பு போகும். ஊருக்குக் குறியீடு கிடைத்ததால் மட்டும் அந்தப் பெயரைப் போட்டு விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் இருக்கும் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக ஒவ்வொருவரும் தனியே பதிய வேண்டும். பதிவு அதிகபட்சம் பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். மத்திய அரசு தரும் கைவினைஞர் அடையாள அட்டையையும் வாங்கிவிடுங்கள். தொழில் கைக்கு வந்ததும் இந்த இரண்டு விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாமல் எழுதுங்கள். பட்டறையில் எழுதத் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால் அவருக்கும் சேர்த்து நீங்களே எழுதிக் கொடுங்கள்.